பல நாட்டு குடல் பாக்டீரியா ஆய்வை ஒருங்கிணைப்பது எப்படி?

2012இல் சீனாவில் ஒரு குழுவும் 2013இல் சுவீடனில் இன்னொரு குழுவும் டைப் 2 சர்க்கரை நோயாளிகளின் குடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டன. நோயோடு தொடர்புள்ளவை என்று இரண்டும் காட்டிய பாக்டீரியாக்கள் முழுதாக ஒத்துப்போகவில்லை. 2015இல் டென்மார்க் தரவையும் சேர்த்து 784 மாதிரிகளை மறுபடி அலசியபோது முக்கியக் காரணம் ஒன்று தெரிந்தது: சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின். நோயின் தடம் என்று நினைத்ததில் ஒரு பகுதி, நோயாளிகள் சாப்பிட்ட மாத்திரையின் தடம்.

இந்தத் துறையில் ஒருங்கிணைப்பாளர் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. மாதிரியை எடுத்த பிறகு சரிசெய்ய முடியாதவை பல. மாதிரி எடுப்பதற்கு முன்பே அவற்றில் எல்லா நாடுகளையும் ஒப்புக்கொள்ள வைப்பதுதான் உங்கள் வேலை.

சரியாகச் செய்தால் பலன் பெரிது. பிரான்சின் இன்ரா நிறுவனம் 2008இல் தொடங்கி வழிநடத்திய ‘மெட்டாஹிட்’ திட்டத்தில் டென்மார்க்கிலும் ஸ்பெயினிலும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. மரபணு வரிசை சீனாவின் ஷென்செனில் படிக்கப்பட்டது. 124 பேரின் மாதிரிகளிலிருந்து 33 லட்சம் நுண்ணுயிரி மரபணுக்களின் பட்டியல் 2010இல் வெளிவந்தது.

1. செய்முறையை ஒன்றாக்குங்கள்

ஒரே மல மாதிரிகளை 21 விதமான டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் முறைகளுக்கு உட்படுத்திய ஒப்பீடு 2017இல் வெளியானது. மாதிரியைச் சேமித்த விதத்தைவிட, பிரித்தெடுத்த முறைதான் முடிவை அதிகம் மாற்றியது. காரணம் எளிது. சில பாக்டீரியாக்களின் செல்சுவர் தடிமனானது; சிறு மணிகளைப் போட்டு வேகமாகக் குலுக்கி உடைக்காவிட்டால் அவற்றின் டி.என்.ஏ. வெளியே வராது. அவை குறைவாக இருப்பதுபோல் கணக்கு காட்டும்.

எனவே எழுதிய செய்முறை ஒன்றே இருக்கட்டும். எல்லா ஆய்வகங்களும் ஒரே கிட்டை வாங்கட்டும். வேலை தொடங்குமுன் ஒரே சோதனை மாதிரியை எல்லோருக்கும் அனுப்பி விடைகளை ஒப்பிடுங்கள். மாதிரியே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டச் சொல்லுங்கள். ரசாயனங்களில் ஒட்டியிருக்கும் அந்நிய டி.என்.ஏ. அதில் பிடிபடும்.

2. மாதிரியின் பயணத்தைத் திட்டமிடுங்கள்

அறை வெப்பத்தில் கிடக்கும் மாதிரியில் சில பாக்டீரியாக்கள் வழியிலேயே பெருகிவிடும். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் இல்லாத ஊர்களுக்கு, மாதிரியை அப்படியே நிலைநிறுத்தும் திரவம் நிரப்பிய குழாய்களை அனுப்புங்கள். டிரை ஐஸ் விமானச் சரக்கில் அபாயப் பொருளாகக் கருதப்படுவதால் அதற்குரிய ஆவணங்கள் தயாராக இருக்க வேண்டும். வாரக் கடைசியில் பொதியை அனுப்பவே கூடாது. சுங்கத்தில் இரண்டு நாள் நின்றால் டிரை ஐஸ் ஆவியாகி மாதிரி கெட்டுவிடும்.

3. ஒரே கேள்வித்தாள்

மெட்ஃபார்மின், ஆன்டிபயாட்டிக், அமிலம் குறைக்கும் மாத்திரைகள், வயது, உடல் எடை, மலத்தின் இறுக்கம் ஆகிய கேள்விகளுக்கு எல்லா நாட்டிலும் ஒரே அளவுகோலில் பதில் வாங்குங்கள். மலத்தின் இறுக்கத்துக்கு ஏழு வகைகள் கொண்ட பிரிஸ்டல் அட்டவணை போதும். உணவுப் பகுதியை மட்டும் உள்ளூர்க்காரர்கள் எழுதட்டும். கொரியாவில் கிம்ச்சியையும் தமிழ்நாட்டில் பழைய சோற்றையும் கேட்காத கேள்வித்தாள் பாதி உண்மையைத் தவறவிடும்.

4. அனுமதிகளை முதல் நாளே தொடங்குங்கள்

பல திட்டங்கள் தாமதமாவது இங்கேதான். ஒவ்வொரு நாட்டிலும் அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மாதிரி கைமாறுவதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளவர்களின் தரவுக்கு 2018 மே முதல் ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்துகிறது. மல மாதிரியில் அதைக் கொடுத்தவரின் சொந்த டி.என்.ஏ.வும் கொஞ்சம் இருக்கும்; பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றுமுன் அதை நீக்குவது கட்டாயம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மரபணு வளங்களால் கிடைக்கும் பலனைப் பகிர்வதற்கான நகோயா உடன்படிக்கை 2014இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலிருந்து பாக்டீரியா வெளிநாடு போவதாக இருந்தால், 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி என்ன அனுமதி தேவை என்று தேசிய உயிரியல் பன்மய ஆணையத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். அதன் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது.

5. உரிய பங்கைக் கொடுங்கள்

எடுக்கப்பட்ட இடம் தெரிந்த மனித நுண்ணுயிரி மாதிரிகளில் 71 சதவீதம் ஐரோப்பா, அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்தவை என்று 2022இல் ஒரு கணக்கெடுப்பு காட்டியது. உலக மக்கள்தொகையில் 4.3 சதவீதமே உள்ள அமெரிக்காவிலிருந்து மட்டும் 46.8 சதவீதம். மற்ற நாடுகள் சேரத்தான் வேண்டும். ஆனால் மாதிரி கொடுப்பவர்களாக மட்டும் சேரக் கூடாது. கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும், பகுப்பாய்வை யார் செய்வார்கள், எந்த நாட்டு மாணவருக்குப் பயிற்சி என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே எழுத்தில் வையுங்கள்.

6. கூட்டங்களைச் சிக்கனமாக நடத்துங்கள்

குளிர்காலத்தில் பாஸ்டனில் காலை 9 மணி என்றால் பாரிஸில் பிற்பகல் 3, ஷென்செனில் இரவு 10. எப்போதும் ஒரே நாட்டவரை இரவில் உட்கார வைக்காதீர்கள், நேரத்தைச் சுழற்றுங்கள். எடுத்த முடிவு, பொறுப்பாளர், கெடு மூன்றையும் அன்றே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

யாருக்கு இந்த வேலை?

நுண்ணுயிரியலோ உயிரித் தகவலியலோ படித்து, ஆய்வகத்தில் சில காலம் கைப்பழக்கம் பெற்று, வரவுசெலவுக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் சலிக்காதவர்களுக்கு இது பொருத்தமான வேலை. உங்கள் பெயர் கட்டுரையின் முதல் வரியில் வராமல் போகலாம். ஆனால் நீங்கள் பிடிவாதமாகச் சேர்த்த ஒரு கேள்விதான் மாத்திரையின் விளைவையும் நோயின் விளைவையும் பிரித்துக் காட்டும். ஆகவே, அடுத்த திட்டக் கூட்டத்தில் முதல் மாதிரி எடுக்கப்படுவதற்கு முன்பே அந்தக் கேள்வியை எழுப்புங்கள்.