சென்சாரைக் கழற்றுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

ராஜஸ்தானில் போர்வெல் ரிக் நிற்கிறது, போர் பாதியில் கம்ப்ரசர் இன்ஜின் சூடு காட்டி ஆஃப் ஆகிவிடுகிறது, டெம்பரேச்சர் சென்சாரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். மாற்றுவது சின்ன வேலை. அது சொல்வது மெய்யா பொய்யா என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மெக்கானிக் வேண்டும்.

டிஸ்ப்ளேயில் எஸ்பிஎன் 110 என்று வந்ததும் சென்சார் போச்சு என்று முடிவு கட்டாதே. 110 என்றால் கூலன்ட் சூடு சம்பந்தப்பட்டது, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும், கோளாறின் வகையைச் சொல்லும் எஃப்எம்ஐ எண்ணைப் பார். 3 அல்லது 4 என்றால் வோல்டேஜ் கோளாறு. சென்சார், கனெக்டர், ஒயர் மூன்றில் ஒன்று. 0 அல்லது 16 என்றால் சென்சார் ஒழுங்காகத்தான் பேசுகிறது, இன்ஜின் நிஜமாகவே கொதிக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்.

அப்படியானால் ரேடியேட்டருக்குப் போ. போர் போடும்போது கிளம்பும் கல்தூள், ஆயில் கசிவோடு சேர்ந்து சிமென்ட் பூச்சு மாதிரி இறுகிவிடும். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட் எல்லாம் அதற்கப்புறம்.

சந்தேகம் தீரவில்லையா? ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினில், விடிகாலை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய். கூலன்ட் சூடும், இன்ஜின் இழுக்கும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 60 டிகிரி காட்டினால் சென்சார் பக்கம் திரும்பு. கனெக்டரைக் கழற்றி, பின்னில் பச்சை பிடித்திருக்கிறதா, ஒயர் எங்காவது உரசியிருக்கிறதா என்று பார். பிறகு மல்டிமீட்டர். சூடு ஏற ஏற சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் இறங்கும்: பல சென்சார்களில் 25 டிகிரியில் இரண்டு மூன்று கிலோ ஓம், 90 டிகிரியில் சில நூறு ஓம். உன் இன்ஜினுக்கு மேனுவலில் உள்ளதே கணக்கு.

டிரில்லர் அண்ணன், "சென்சாரை விட்டுட்டு ஒயரை டைரக்ட் பண்ணு, போரை முடிச்சிடலாம்" என்பார். அவருக்கு எத்தனை அடி போட்டோம் என்பதுதான் கணக்கு. ஹெட் வெடித்தால் ஓனர் அவரைக் கேட்க மாட்டார், உன்னைத்தான் கேட்பார்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் இன்ஜின் நன்றாக ஆறட்டும். மேல் ஹோஸை அமுக்கிப் பார். விறைப்பாக இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. சென்சார் மட்டத்துக்குக் கீழே வரும்வரை கூலன்டைச் சுத்தமான பக்கெட்டில் இறக்கு. புதியதைக் கையாலேயே மரை பிடிக்க வை, பிறகு டார்க் ரென்ச். ஏர் கன் வேண்டவே வேண்டாம், பித்தளை மரை தாங்காது. ஓ-ரிங் உள்ளதற்கு டெஃப்லான் டேப் தேவையில்லை. பழைய இன்ஜினில் வரும் ஒற்றை ஒயர் வகைக்கு பாடிதான் எர்த். டேப்பைச் சுற்றிச் சுற்றி வைத்தால் மீட்டர் தப்பாகக் காட்டும்.

கூலன்டை நிரப்பியதும் காற்றை வெளியேற்று. சென்சார் நுனி காற்றுக் குமிழியில் மாட்டினால் புதியதும் தப்பாகத்தான் காட்டும். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டு, ஆறியபின் மட்டம் பார்.

கழற்றிய பழசைத் தூக்கி எறியாதே. ஊருக்கு வருகிற வண்டியில் கொடுத்துவிடு. வெந்நீரில் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
திருச்செங்கோட்டு அண்ணன்