சிதறும் கவனமும் சிறந்தோங்கும் பெண்டிரும்

செருமானிய மருத்துவர் ஹைன்ரிஹ் ஹாஃப்மன் தம் மகனுக்காகப் படங்களுடன் எழுதிய குழந்தைப் பாடல் நூல் 1845இல் வெளிவந்தது. பின்னர் விரிவடைந்த அந்நூலில் இரு சிறுவர்கள் வருகின்றனர். உணவு வேளையில் நாற்காலியை ஆட்டி, மேசைவிரிப்போடு சாய்ந்து விழுபவன் பிலிப். வானத்தை நோக்கியவாறே நடந்து நீரில் விழுபவன் ஹான்ஸ்.

மருத்துவ உலகம் நெடுங்காலம் பிலிப்பை மட்டுமே கண்டது. 1902இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்பார் ஆற்றிய சொற்பொழிவுகள் அடங்காத குழந்தைகளைப் பற்றியனவே. 1968இல் அமெரிக்க மனநல மருத்துவர் கையேடு இந்நிலைக்குத் தந்த பெயரும் மிகையான இயக்கத்தையே சுட்டியது. 1980இல்தான், ஓடியாடாதவரிடத்தும் கவனக்குறை இருக்கலாம் என்பதை அக்கையேடு ஏற்றது. ஹான்ஸுக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது அன்றுதான்! இன்று ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கமாக வழங்கும் பெயர் 1987இல் அமைந்தது.

பெண்குழந்தைகளுள் பலர் ஹான்ஸின் இனத்தவர். வகுப்பில் கூச்சலிடார், சன்னலுக்கு வெளியே நோக்கியிருப்பர். தொல்லை தராத பிள்ளையை எந்த ஆசிரியர் மருத்துவரிடம் அனுப்புவார்? அவள் நல்ல மதிப்பெண்ணும் பெற்றுவிட்டால் ஐயத்திற்கே இடமில்லை. சாரி சோல்டன் என்னும் அமெரிக்கப் பெண்மணி இத்தகைய மகளிரைப் பற்றியே 1995இல் தனிநூல் எழுதினார்.

கவனக்குறை என்னும் பெயர் முற்றும் பொருந்துவதன்று. கவனம் அவர்களிடம் உண்டு. ஏவிய இடத்திற்குச் செல்ல மறுக்கிறது என்பதே உண்மை. விரும்பிய ஆய்வில் ஊண் உறக்கம் மறந்து மூழ்குபவரே, ஒரு பயணப்படி விண்ணப்பத்தை மூன்று வாரம் மேசையிலேயே கிடத்துவார். கேட்ட செய்தியைச் சிறிது நேரம் மனத்தில் ஏந்தி வைக்கும் செயல்நினைவு அவர்க்குத் தளர்ந்திருக்கிறது. காலத்தை அளக்கும் உணர்வும் அவ்வாறே. கெடுநாள் நெருங்கிச் சுடும்வரை அது அவர் கண்ணில் படுவதில்லை.

படிக்கும் காலத்தில் இக்குறை வெளிப்படாமைக்குக் காரணம் உண்டு. மணி அடித்தது, பாடவேளை நாளைப் பகுத்துத் தந்தது, தேர்வு நாளைப் பிறர் குறித்தனர், வீட்டில் அன்னை நினைவூட்டினார். கட்டடத்தைச் சுற்றி நின்ற சாரம் போன்றவை இவை. பதவி உயர உயரச் சாரம் ஒவ்வொன்றாக நீங்குகிறது. துறைத்தலைவராகவோ மேலாளராகவோ அமர்ந்த பெண், தம் நேரத்தைத் தாமே வகுப்பதோடு பிறர் நேரத்தையும் வகுக்க வேண்டியவராகிறார். இல்லத்திலும் அனைவரின் மருந்தும் கட்டணமும் விருந்தும் அவர் நினைவையே சார்ந்துள்ளன. தட்டுத்தடுமாறி அவர் எல்லாவற்றையும் முடிக்கிறார். ஒரு கடிதத்தை நான்கு முறை சரிபார்த்து, இரவெல்லாம் விழித்து முடிக்கிறார். உலகம் காண்பது முடிவை மட்டுமே. மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் ஆண்டுக்கணக்கில் மருந்துண்டு, தம் பிள்ளைக்கு இந்நிலை கண்டறியப்பட்ட நாளில்தான் தம்மையும் அறிந்துகொண்ட தாயர் பலர். இது பெரிதும் மரபுவழி வருவது.

மறதி உடையார் யாவரும் இப்பட்டியலில் சேரார் என்பதையும் ஈண்டுக் கூறல் வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருத்தல் வேண்டும்; வீடு, பணி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படுதலும் வேண்டும். முடிவு கூற வேண்டியவர் மனநல மருத்துவரே. மருந்தும் அவர் எழுதித் தருவதாகவே இருத்தல் வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்ற சிமோன் பைல்ஸின் மருத்துவக் குறிப்புகளைக் கணினித் திருடர் அவ்வாண்டே வெளியிட்டபோது, சிறுவயது முதல் இதற்கு மருந்துண்பதாகவும் அதில் நாணத்திற்கு இடமில்லை என்றும் அவர் வெளிப்படையாக அறிவித்தார்.

மருந்தோடு பழக்கமும் வேண்டும். நினைவை மூளைக்கு வெளியே வைப்பதே அதன் அடிப்படை. ஒரே நாட்குறிப்பு, கண்முன் கடிகாரம், பெரும்பணியை அரைமணிக் கூறுகளாக்கல், தம் வேலையைப் பார்த்தவாறு ஒருவர் அருகில் அமர்ந்திருத்தல் ஆகியன பலருக்கு உதவியுள்ளன. கடைசியாகச் சொன்னது எளிதாகத் தோன்றும். ஆனால் தனியே தொடங்க இயலாத பணி, துணையிருக்கத் தொடங்கிவிடுவதைப் பலர் கண்டுள்ளனர்.

அமெரிக்காவில் 2008இல் திருத்தப்பட்ட ஊனமுற்றோர் சட்டம், மனத்தை ஒருமுகப்படுத்தலையும் வாழ்வின் முதன்மைச் செயல்களுள் ஒன்றாக எண்ணுகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த 21 வகைகளில் இந்நிலை தனியே இடம்பெறவில்லை. ஆதலால் இங்கு ஒரு பெண் கேட்கக்கூடியது மேலதிகாரியின் இசைவை மட்டுமே. வாய்மொழி ஆணையை எழுத்தில் தருக. இறுதிநாளுக்கு முன் இரண்டு இடைநாள்களைக் குறித்திடுக. காலையில் ஒரு மணி நேரம் அறைக்கதவைச் சாத்திக்கொள்ள விடுக. இம்மூன்றுக்கும் நிறுவனத்திற்கு ஒரு காசும் செலவில்லை.