3 ஆண், 4 பெட்டை

கேள்வி: கொல்லையில் 7 வாத்து வளர்க்கிறோம். 4 பெட்டை, 3 ஆண். 2 மாதமாகப் பெட்டைகளுக்குப் பிடரியில் இறகு கொட்டுகிறது. ஒன்றுக்குப் புண்ணே ஆகிவிட்டது. பேன் என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவினேன், குறையவில்லை. ‘ஓர் ஆண் குறைகிறது, அதனால்தான் சண்டை. இன்னொன்று வாங்கி 4 ஜோடியாக்குங்கள்’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வாங்கலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. வேப்பெண்ணெயையும் நிறுத்திவிடுங்கள். பேன் பற்றியிருந்தால் ஆண்களை மட்டும் விட்டுவைத்திருக்காது. பெட்டைகளுக்கு மட்டும், அதுவும் பிடரியில் மட்டும் இறகு போகிறது என்றால் அது அலகின் வேலை. இணையும்போது ஆண் வாத்து பெட்டையின் முதுகில் ஏறி, வழுக்கிவிடாமலிருக்கப் பிடரி இறகைக் கவ்விக்கொள்ளும். எப்போதாவது என்றால் தடம்கூடத் தெரியாது. 3 பேர் மாறி மாறிக் கவ்வினால் இறகு போய்த் தோலும் கிழியும்.

ஜோடிக் கணக்கைப் பார்ப்போம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பழைய உண்மை ஒன்று ஒளிந்திருக்கிறது. உங்கள் கடிதம் எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். நம் வீட்டு வாத்துகளின் மூதாதை மல்லார்ட் என்னும் காட்டு வாத்து. (மணிலா வாத்து மட்டும் வேறு வம்சத்துப் பிள்ளை, அதன் பூர்விகம் தென், நடு அமெரிக்கா.) மல்லார்ட் ஜோடி சேரும். ஆனால் அது ஒரு பருவத்து உறவு. பெட்டை அடைகாக்க உட்கார்ந்ததும் ஆண் விலகிப் போய்விடும். ஜோடி அமையாத ஆண்கள் கூட்டமாகப் பிற பெட்டைகளைத் துரத்துவதும் காட்டில் உண்டு. மனிதனோடு வாழ வந்த பிறகு ஜோடிப் பழக்கம் தேய்ந்துபோயிற்று. துரத்தும் பழக்கம் தேயவில்லை. காட்டுப் பெட்டை பறந்து தப்பிக்கும். உங்கள் பெட்டை வேலிக்குள் எங்கே போகும்?

ஆக, நீங்கள் 4 ஜோடி அமைத்தாலும் அவை ஜோடியாக இருக்காது. ஓர் ஆண் இணைவதைப் பார்த்ததும் மற்றவை போட்டிக்கு ஓடிவரும்; ஒன்று இறங்கியதும் அடுத்தது ஏறும். கொல்லையில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் இன்னும் கவனம் தேவை. வாத்துகள் தண்ணீரில் இணைவதையே விரும்பும். 3 ஆண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தினால் நீந்தப் பிறந்த பெட்டையும் மூழ்கிச் செத்துப்போகும்.

சரியான கணக்கு, ஓர் ஆணுக்கு 5 அல்லது 6 பெட்டை. காக்கி கேம்பல் மாதிரி முட்டைக்கென்று வளர்க்கும் இனத்தில் 6, 7 வரை போகலாம். பெக்கின் மாதிரிக் கனத்த இறைச்சி இனம் என்றால் 4, 5. அதற்கு மேல் பெட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் கருக்கூடாத முட்டைகள், அதாவது ஆணின் விந்து சேராததால் குஞ்சு பொரிக்காத முட்டைகள், அதிகமாகும்.

உங்கள் 4 பெட்டைக்கு ஓர் ஆண் தாராளம். அதுவும் குஞ்சு வேண்டுமென்றால்தான். முட்டை சாப்பிட மட்டும் என்றால் ஆணே தேவையில்லை. ஆண் இல்லாவிட்டால் பெட்டை முட்டையிடாது என்று பலர் நம்புகிறார்கள். கோழியைப் போலவே வாத்தும் தனியாகவே முட்டையிடும். நம் ஊர் வெயிலுக்கு அதில் ஒரு லாபமும் உண்டு. கருக்கூடிய முட்டையைச் சித்திரை வெக்கையில் வெளியே வைத்திருந்தால் உள்ளே கரு வளரத் தொடங்கி, பிறகு கெட்டுக் கூமுட்டையாகும். கருக்கூடாத முட்டையில் வளர ஒன்றுமில்லை.

எந்த ஆணை வைத்துக்கொள்வது? முதலில் ஆண்தானா என்று உறுதி செய்யுங்கள். வால் மேல் சுருண்டு நிற்கும் இறகு ஆணின் அடையாளம். ஆனால் இறகு உதிரும் காலத்தில் அது விழுந்துவிடும். குரல் ஏமாற்றாது. கையில் பிடித்துத் தூக்குங்கள். ‘குவாக் குவாக்’ என்று ஊரைக் கூட்டினால் பெட்டை, தொண்டை கட்டியதுபோல் கரகரத்தால் ஆண். ஆணின் சிரிங்ஸில், அதாவது மூச்சுக்குழாயின் அடியில் இருக்கும் குரல் உறுப்பில், ஒரு பக்கம் எலும்புக் குமிழ் புடைத்திருக்கும். அதனால்தான் இந்தக் கரகரப்பு. மணிலா வாத்தில் இரண்டுமே சத்தம் குறைவு. அங்கே ஆணின் பெரிய உடம்பையும் முகத்துச் சிவப்புச் சதையையும் பார்க்க வேண்டும்.

மூன்றில் கால் நன்றாக ஊன்றி நடப்பதாக, ஆனால் ஓயாமல் துரத்தாததாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முரட்டு ஆண்தான் நல்ல குஞ்சு தரும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மற்ற இரண்டையும் விற்க மனமில்லையென்றால் பெட்டைகள் கண்ணில் படாதபடி தனியாக அடையுங்கள். பார்வையில் பெட்டை இல்லாவிட்டால் ஆண்கள் பெரும்பாலும் சண்டையின்றிச் சேர்ந்து வாழும். ஆனால் கோழிகளோடு விட்டுவிடாதீர்கள். சேவலுக்கு இல்லாத, வெளியே நீளும் உறுப்பு ஆண் வாத்துக்கு உண்டு. அது ஏறினால் கோழிக்கு உள்ளே காயமாகும்.

புண்பட்ட பெட்டையை இன்றே பிரித்துவிடுங்கள். தனிமையில் வாத்து இரையெடுக்காமல் வாடும். துணைக்கு இன்னொரு பெட்டை இருக்கட்டும். ஆறிய வெந்நீரில் கொஞ்சம் உப்பிட்டுப் புண்ணைக் கழுவி, ஈ உட்காராமல் பாருங்கள். புழு வைத்தாலோ நொண்டினாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பிடரியில் முள் முள்ளாக இறகுக் குருத்து எட்டிப் பார்த்த பிறகு மற்றவற்றோடு விடலாம்.