நெடும்பயண சைக்கிளுக்கு மாற்று ஹேண்டில்பார்: கடைக்காரர் பார்க்க வேண்டிய அளவுகள்

சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் நமது உறுப்பினர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற சரக்கு விற்பவர்களும் படிக்கலாம். அளவு விசாரிக்காமல் கொள்முதல் செய்தால் முதல் எப்படி முடங்கும் என்பது எல்லாக் கடைக்கும் பொதுவான பாடம்தானே.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சாந்தோம் நெடுஞ்சாலையில் கடை வாசலில் நின்று பாருங்கள். தலைக்கவசமும் விளக்குமாக இளைஞர்களும் நடுவயதினரும் கூட்டம் கூட்டமாக அடையாறு, திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவார்கள். மாமல்லபுரம் போய்த் திரும்பினாலே சுமார் 100 கி.மீ. ஆகிவிடும். இவர்களில் சிலர் 'பிரெவே' எனப்படும் நேரக்கட்டுப்பாட்டுப் பயணங்களிலும் கலந்துகொள்கிறார்கள். அதில் 200 கி.மீ. தூரத்தை பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300ஐ 20 மணியிலும், 400ஐ 27 மணியிலும், 600ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். பிரான்சில் 1891ல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்தின் தூரம் 1,200 கி.மீ. அத்தனை மணி நேரம் ஒரே இடத்தில் கை வைத்திருந்தால் உள்ளங்கை நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். ஆட்டுக்கடாவின் கொம்புபோலக் கீழே வளைந்த ஹேண்டில்பாரை இவர்கள் கேட்பது அழகுக்காக அல்ல. மேலே, பிரேக் லீவரின் தலையில், கீழ் வளைவில் என்று மூன்று இடத்தில் கையை மாற்றி மாற்றி வைக்கலாம். எதிர்க்காற்று அடிக்கும்போது கீழே குனிந்து மிதிக்கலாம்.

நாம் பழகிய ராட் பிரேக் சைக்கிளில் ஹேண்டிலும் அதன் தண்டும் ஒரே உருப்படி. பழையதைக் கழற்றிப் புதியதை இறக்கினால் வேலை முடிந்தது. நெடும்பயண சைக்கிளில் ஹேண்டில்பார் தனி, அதைப் பிடிக்கும் ஸ்டெம் தனி. வம்பு அந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது.

ஸ்டெம் கவ்வும் இடத்தில் ஹேண்டில்பாரின் கனம் இன்று பெரும்பாலும் 31.8 மி.மீ. பழைய ரேஸ் சைக்கிள்களில் இத்தாலிய அளவான 26.0 மி.மீ. வரும். இன்னும் பல பழைய சைக்கிள்களில் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. வரும். 31.8ஐ யாரும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். 25.4க்கும் 26.0க்கும் வித்தியாசம் 0.6 மி.மீ.தான், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் கண் சொல்லாது. வெர்னியர் காலிப்பர் ஒன்று கல்லாப்பெட்டி அருகிலேயே இருக்க வேண்டும். பல ஹேண்டில்பார்களில் நடுப்பகுதியில் அளவு பொறித்திருக்கும். ஆனால் டேப்பும் அழுக்கும் மறைத்த பழைய சரக்கில் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர், வேறு கடையில் மாட்டிய ஹேண்டில்பாருடன் என்னிடம் வந்தார். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கொம்பு முன்பக்கமாகச் சுழன்றுவிடுகிறது, போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித் தாருங்கள் என்றார். கழற்றி அளந்தால் ஸ்டெம் 26.0, ஹேண்டில்பார் 25.4. இடைவெளிக்குக் குளிர்பான டப்பாத் தகட்டை வெட்டிச் செருகியிருந்தார்கள். தகடு வைத்து ஓட்டுகிறவர்கள் உலகெங்கும் உண்டு, ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்வார்கள். முன்னால் பை தொங்க, லாரிகளுக்கு நடுவே போகிற சைக்கிளுக்கு அந்த வேலை வேண்டாம் என்பது என் கருத்து. போல்ட்டை முறுக்க முறுக்க ஸ்டெம்தான் நெளியும். சிறிய ஹேண்டில்பாரைப் பெரிய 31.8 ஸ்டெம்மில் பொருத்துவதற்கென்றே செய்த ஷிம் வளையங்கள் கிடைக்கின்றன, அவை சரியானவை. 26.0 ஹேண்டில்பாரை 25.4 ஸ்டெம்மில் அடித்து இறக்குவது அதைவிடக் கெடுதல். ஸ்குரூ டிரைவரால் ஸ்டெம்மை நெம்பிக் கீறல் விட்டால், பின்னாளில் விரிசல் அந்தக் கீறலிலிருந்தே தொடங்கும்.

அடுத்து பிரேக் லீவர். வளைந்த ஹேண்டில்பாரில் லீவர் உட்காரும் இடம் 23.8 மி.மீ.; நேர் ஹேண்டில்பாரில் 22.2 மி.மீ. ஆகவே நேர் ஹேண்டில்பார் சைக்கிளைக் கொண்டுவந்து "வளைவு போட்டுத் தாருங்கள்" என்பவரின் பழைய லீவரும் கியர் மாற்றியும் புதியதில் ஏறாது. வி-பிரேக் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அது அதிகக் கேபிள் இழுக்கும். சாதாரண ரேஸ் லீவர் குறைவாகவே இழுக்கும். மாட்டிக் கொடுத்தால் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டாலும் வண்டி நிற்காது. இதற்கென டெக்ட்ரோ ஆர்.எல். 520 போன்ற தனி லீவர்கள் இருக்கின்றன. மேலும் நேர் ஹேண்டில்பார் சைக்கிளின் பிரேம் பொதுவாக நீளமானது. வளைவு இன்னும் முன்னே நீள்வதால் ஓட்டுகிறவர் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். குட்டை ஸ்டெம் தேவைப்படும். மொத்தச் செலவை முதலிலேயே எழுதிக் காட்டினால் பாதிப்பேர் தாமே யோசனையை மாற்றிக்கொள்வார்கள். அந்த வியாபாரம் போனால் போகட்டும்.

ஏற்கெனவே வளைந்த ஹேண்டில்பார் உள்ளவருக்கு மாற்றுவதுதான் நமக்கு நல்ல வேலை. இங்கே அகலம் முக்கியம். இரு தோள்பட்டை எலும்பு முனைகளுக்கு இடையே டேப் பிடித்து அளந்தால் ஏறக்குறைய தேவையான அகலம் கிடைத்துவிடும். 38 முதல் 46 செ.மீ. வரை சரக்கு வருகிறது. சில தயாரிப்பாளர்கள் குழாயின் மையத்திலிருந்து மையம் வரை அளக்கிறார்கள். சிலர் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை. இதில் 2 செ.மீ.க்கு மேல் மாறும். "42 கொடுங்கள்" என்று கேட்டால் எந்தக் கணக்கில் 42 என்று கேளுங்கள். அதைவிட அவருடைய பழையதை அளப்பது மேல். முன்பை மாட்டுபவர்களுக்கு மிகக் குறுகலானது உதவாது; பைக்கும் கைக்கும் இடம் போதாது.

முன்னோக்கிய நீளம், கீழிறக்கம் என்று இன்னும் இரண்டு அளவுகள் உண்டு. நீளம் 80 மி.மீ.க்குள்ளும் இறக்கம் 125 மி.மீ. சுமாரும் உள்ள 'காம்பாக்ட்' வகை நெடும்பயணக்காரர்களுக்குப் பொதுவாக ஒத்துவரும். பந்தயக்காரர்களுக்கான ஆழ வளைவை நாற்பது வயதுக்காரரிடம் விற்றால், அவர் கீழ்ப்பிடியை ஒருநாளும் தொடமாட்டார். கீழ் முனைகள் வெளிப்பக்கம் விரிந்த வகையும் இப்போது நன்றாகப் போகிறது.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம். சாந்தோமில் கடை ஷட்டரே உப்புக்காற்றில் என்ன பாடுபடுகிறது என்று தெரியும். அலுமினிய ஹேண்டில்பார் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் பலர் இருக்கிறார்கள். டேப்புக்கு அடியில் வியர்வை உப்பு தேங்கி, வெள்ளைப் பொடி பூத்து, உலோகத்தை அரித்துக் குழி விழும். வெளியே ஒன்றும் தெரியாது. இரும்பு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். அலுமினியம் சொல்லாமல் முறியும். டேப் மாற்ற யார் வந்தாலும் லீவர் கவ்வும் இடத்தையும் ஸ்டெம் ஓரத்தையும் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும், குழி விழுந்திருந்தாலும், விழுந்து வளைந்திருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தித் தரச் சொல்லிக் கெஞ்சுவார்கள், மறுத்துவிடுங்கள். கார்பன் சரக்கு முறுக்குவிசைச் சாவி இல்லாத கடைக்கு ஆகாது. அலுமினியத்துக்கும் அந்தச் சாவி நல்லதே. பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் என்பதுபோல் அளவு பொறித்தே வருகிறது.

கொள்முதலுக்கு, 31.8ல் 40, 42, 44 அகலங்களைக் கையிருப்பில் வைத்தால் போதும். 26.0, 25.4 இரண்டையும் முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழையுங்கள். சைக்கிள் உதிரிப்பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகியிருக்கிறது. பழைய விலைப்பட்டியலை மாற்றாதவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கிக்கொண்டு மாட்ட மட்டும் வருபவரை முகம் சுளிக்காமல் வரவேற்று, கூலியைத் தனியாகப் பில் போடலாம். ஆனால் அவர் கொண்டுவந்ததையும் அளந்த பிறகே மாட்டுங்கள்.

டேப் சுற்றிய ஹேண்டில்பாரைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகையால் லீவர்களை வைத்து இறுக்கி, கேபிளை இணைத்து, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, டேப் இல்லாமலேயே வாடிக்கையாளரைத் தெருவில் இரண்டு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். லீவர் ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்று அவர் சொன்னபடி நகர்த்தி, பென்சிலால் கோடு போட்டு, பிறகு டேப் சுற்றுங்கள்.