வாசலில் பார்த்தாயிற்றே, உள்ளே எதற்கு?

நம்பிக்கை: சர்வரே நம்மிடம் இல்லை, உடைக்க என்ன இருக்கிறது?

சர்வரை நாமே பராமரிக்காமல் ஃபங்ஷன்களை மட்டும் எழுதி ஓட்டும் 'சர்வர்லெஸ்' சேவையான அமேசான் லாம்டா 2014இல் வந்த நாளிலிருந்து இந்தப் பேச்சும் கூடவே வருகிறது. 2017இல் கிளவுட்ஃப்ளேர் தன் வொர்க்கர்ஸ் சேவையை அறிவித்த பிறகு, நிரல் பயனருக்கு அருகிலுள்ள தரவு மையத்திலேயே ஓடும் எட்ஜ் முறையும் பரவியது. சென்னையில் இருப்பவரின் கோரிக்கைக்குச் சென்னையிலேயே பதில் கிடைத்துவிடும். இயங்குதளத்துக்கு பேட்ச் போடுவதையும் ஒரு வாடிக்கையாளரின் நிரலை இன்னொருவருடையதிலிருந்து பிரித்து வைப்பதையும் சேவை தரும் நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. அதில் அவர்கள் காட்டும் அக்கறை பெரிது. ஸ்பெக்டர் போன்ற பக்கவழித் தாக்குதல்களுக்கு நேரத்தை நுணுக்கமாக அளக்க வேண்டும் என்பதால், வொர்க்கர்ஸில் நிரல் கணக்குப் போடும்போது கடிகாரமே நகராதபடி செய்திருக்கிறார்கள்.

ஆனால் எந்த ஃபங்ஷன் எந்தத் தரவைத் தொடலாம் என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை. அது முழுக்க நம் பொறுப்பு. 2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி இதில்தான் அடிபட்டது. அது சர்வர்லெஸ் அமைப்பு அல்ல. ஆனாலும் பாடம் அப்படியே பொருந்தும். தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வால் வழியாக, அது ஓடிய இயந்திரத்துக்குரிய தற்காலிகச் சாவியைத் தாக்கியவர் கைப்பற்றினார். சேமிப்பகக் கோப்புகளைப் படிக்கும் வேலை ஃபயர்வாலுக்கு இல்லை. ஆனால் அதன் ரோலில், அதாவது அதற்குக் கொடுத்திருந்த உரிமைத் தொகுப்பில், அந்த உரிமை இருந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் தொடர்பான விவரங்கள் போயின. லாம்டாவிலும் இத்தகைய தற்காலிகச் சாவி, ஃபங்ஷனின் என்விரான்மென்ட் வேரியபிள்களில்தான் இருக்கிறது. நாம் சேர்த்த லைப்ரரி ஒன்று கெட்டுப்போனால், அதைப் படித்து வெளியே அனுப்ப நாலு வரி போதும். பத்து ஃபங்ஷன்களுக்குச் சேர்த்து ஒரே ரோலைக் கொடுக்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

நம்பிக்கை: எட்ஜில் அடையாளம் பார்த்துவிட்டால் பின்னால் இருப்பவை நிம்மதியாக நம்பலாம்.

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. எட்ஜ் ஃபங்ஷன், பயனர் உள்நுழைந்ததற்கு அடையாளமான டோக்கனைச் சோதிக்கிறது. பயனரின் எண்ணை ஒரு ஹெடரில் எழுதி உள்ளே அனுப்புகிறது. எட்ஜுக்குப் பின்னால் இருக்கும் மூல சர்வர் அந்த ஹெடரை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறது. மூல சர்வரின் ஐபி முகவரி தெரிந்த ஒருவர் எட்ஜைச் சுற்றிக்கொண்டு நேரே வந்து, அதே ஹெடரைத் தானே எழுதி நீட்டினால்? கதவு திறந்துவிடும்.

இன்னும் நெருக்கமான உதாரணம் 2025 மார்ச்சில் வெளிவந்தது. நெக்ஸ்ட்.ஜேஎஸ் கொண்டு தளம் கட்டுபவர்கள், உள்நுழைவுச் சோதனையை மிடில்வேர் என்ற முன்னடுக்கில் வைப்பது வழக்கம். மிடில்வேர் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டு சுழலாமல் இருக்க, 'எக்ஸ்-மிடில்வேர்-சப்ரிக்வெஸ்ட்' என்ற உள் ஹெடர் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வரும் கோரிக்கையிலும் அதே ஹெடர் இருந்தால், மிடில்வேர் ஓடாமலே கோரிக்கை உள்ளே போய்விட்டது. சி.வி.இ-2025-29927 என்று பதிவான இந்த ஓட்டையின் தீவிரம் பத்துக்கு 9.1. 14.2.25, 15.2.3 பதிப்புகளில் அடைத்தார்கள். சொந்தமாக சர்வர் வைத்து ஓட்டியவர்களில், பக்கத்திலும் ஏபிஐயிலும் மறுபடி சோதித்தவர்கள் தப்பினார்கள். மிடில்வேரை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு அந்த ஒரு ஹெடருக்குப் பின்னால் காவலே இல்லை.

எனவே எட்ஜ் சொல்லும் பெயரை மூல சர்வர் நம்பக் கூடாது. கையொப்பமிட்ட டோக்கனையே வாங்கித் தானும் சோதிக்க வேண்டும். எட்ஜுக்கும் மூல சர்வருக்கும் இடையே இரு தரப்பும் சான்றிதழ் காட்டும் டிஎல்எஸ் இணைப்பு இருக்க வேண்டும். தரவுத்தளத்தைத் தொடும் இடத்தில் 'இந்தப் பயனருக்கு இந்தப் பதிவு உரியதா?' என்று தனியே கேட்க வேண்டும். இருமுறை சோதிப்பதால் வேகம் குறையுமே என்பார்கள். கையொப்பம் ஒன்றைச் சரிபார்க்கும் நேரம், மூல சர்வர்வரை போய்வரும் பயண நேரத்தின் முன் ஒன்றுமே இல்லை.

நம்பிக்கை: கையொப்பம் சரியென்றால் டோக்கனும் சரி.

யார் வழங்கியது, யாருக்காக வழங்கியது, எப்போது காலாவதி என்ற மூன்றையும் பார்க்காமல் கையொப்பத்தை மட்டும் பார்ப்பது பாதி வேலை. வேறொரு செயலிக்கு வழங்கிய டோக்கனிலும் கையொப்பம் சரியாகவே இருக்கும். எட்ஜில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. டோக்கனை அங்கேயே சோதிப்பதால், வழங்கிய இடத்தை ஒவ்வொரு முறையும் கேட்பதில்லை. வேலையை விட்டுப் போனவரின் டோக்கனை நாம் ரத்து செய்தாலும், அந்தச் செய்தி உலகெங்கும் உள்ள மையங்களை எட்டத் தாமதமாகும். வொர்க்கர்ஸின் கேவி சேமிப்பில் ஒரு மாற்றம் எல்லா இடத்திலும் தெரிய 60 விநாடியோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகவே டோக்கனின் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறுக்குங்கள். பணப் பரிமாற்றம் போன்றவற்றுக்கு மட்டுமாவது வழங்கிய இடத்தைக் கேளுங்கள்.

நம்பிக்கை: பயன்படுத்தாத சாவியால் தீங்கில்லை.

2023 அக்டோபரில், உள்நுழைவுச் சேவை தரும் ஆக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்பு ஊடுருவப்பட்டபோது, கிளவுட்ஃப்ளேரின் சாவிகளும் வெளியே போயின. ஆயிரக்கணக்கானவற்றில், ஒரு சர்வீஸ் டோக்கனையும் மூன்று சர்வீஸ் அக்கவுண்ட்களின் சாவிகளையும் மட்டும் மாற்றாமல் விட்டார்கள். அவை புழக்கத்தில் இல்லை என்று தவறாக நினைத்ததே காரணம். நவம்பரில் அவற்றை வைத்தே ஒருவர் அவர்களின் உள் விக்கிக்கும் நிரல் களஞ்சியத்துக்கும் போய்விட்டார். வாடிக்கையாளர் தரவு பாதிக்கப்படவில்லை என்று அறிவித்தது நிறுவனம். ஆனாலும் 5,000க்கும் மேற்பட்ட சாவிகளை மாற்றியது. நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டதை மதிக்கிறேன்.

நீண்டகாலச் சாவியையே வைத்துக்கொள்ளாமல் இருக்க இன்று வழி உண்டு. 2021 முதல், நிரலைத் தானாகச் சோதித்து வெளியிட உதவும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனித்தனியே குறுகிய கால அடையாள டோக்கன் தருகிறது; அதைக் காட்டி கிளவுடில் தற்காலிக உரிமை பெறலாம். ஆனால் கிளவுட் பக்கத்தில் எழுதும் விதியில் 'கிட்ஹப்பிலிருந்து வந்தால் போதும்' என்று விட்டுவிடாதீர்கள். எந்தக் களஞ்சியம், எந்தக் கிளை என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்; இல்லாவிட்டால் கிட்ஹப்பில் கணக்கு வைத்திருக்கும் யாரும் உங்கள் ரோலை எடுத்துக்கொள்ளலாம்.