சுடுநீர்த் தொட்டியும் மின்கசிவும்: வீட்டில் மின்சாரம் தடைப்படும்போது அறிந்திருக்க வேண்டியவை

அல்பர்ட்ஸ்லுண்டின் வரிசை வீடுகளிலும் முற்ற வீடுகளிலும் சிறு தோட்டத்தின் மூலையில் சுடுநீர்த் தொட்டி வைத்திருப்போர் உளர். குளிர்கால மாலையில் தொட்டியைச் சூடேற்றும்போது திடீரென வீடு இருளில் மூழ்குமாயின், பலரும் மின்பெட்டியில் விழுந்த ஆளியை மீண்டும் மீண்டும் மேலே தள்ளுவர். இது ஆபத்தான பழக்கம். ஆளி ஏன் விழுந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

விழுந்தது எது?

டென்மார்க்கில் 2008 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் மின்கசிவுத் துண்டிப்பான் இருத்தல் கட்டாயமாகும். அதன் மீது எச்.பி.எஃப்.ஐ. அல்லது எச்.எஃப்.ஐ. என்னும் எழுத்துகள் காணப்படும். சோதனைப் பொத்தான் ஒன்றும் இருக்கும். வெளியே செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிடுகிறது. நீர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ மின் கசிந்து, வேறுபாடு 30 மில்லி அம்பியரை எட்டினால், கணப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

துண்டிப்பான் விழாமல் உருகியோ சிறு சுற்றுடைப்பானோ மட்டும் செயற்பட்டிருந்தால், பெரும்பாலும் காரணம் மிகைச்சுமையே. 230 வோல்ற்றில் 10 அம்பியர் சுற்று ஒன்று 2,300 வாற்று வரையே தாங்கும். 2,000 வாற்றுச் சூடாக்கியும் 2,000 வாற்றுக் கேத்தலும் ஒரே சுற்றில் இயங்க இயலாது.

படிப்படியான சோதனை

துண்டிப்பான் விழுந்திருந்தால், தொட்டியில் உள்ளோர் உடனே வெளியேற வேண்டும். பின்னர் உலர்ந்த கையால் தொட்டியின் செருகியைக் கழற்றித் துண்டிப்பானை மேலே தள்ளிப் பார்க்கலாம். அது நிலைத்து நின்றால் பழுது தொட்டியிலோ அதன் வடத்திலோ உள்ளது. நில்லாவிடில் வீட்டின் வேறோர் இடத்தில் உள்ளது.

எந்த நேரத்தில் விழுந்தது என்பதும் ஒரு தடயமாகும். நீர் சூடாகத் தொடங்கும்போது விழுந்தால், அரிப்புற்ற சூடாக்கிச் சுருள் காரணமாகலாம். நீரைப் பீய்ச்சும்போது விழுந்தால் பம்பியின் அடைப்பில் கசிவு இருக்கலாம். மழைக்குப் பின் விழுந்தால் செருகியிலோ இணைப்புப் பெட்டியிலோ ஈரம் புகுந்திருக்கலாம். இவற்றைக் குறித்து வைத்து மின்னியலாளரிடம் கூறுதல் நன்று. தொட்டியின் மூடியைத் தாமே திறந்து பார்த்தல் ஆகாது.

செருகி குறித்து ஓர் எச்சரிக்கை

ஜேர்மனியிலிருந்து வாங்கி வரும் தொட்டிகளில் ஒரு மறைவான ஆபத்து உண்டு. அங்குள்ள செருகி டென்மார்க்கின் குதையினுள் எளிதாக நுழையும், தொட்டியும் இயங்கும். ஆனால் அதன் பக்கத் தகடுகளுக்குரிய புவித்தொடுப்பு டென்மார்க்கின் குதையில் இல்லை. புவித்தொடுப்பு இருந்தால், மின் கசிந்த உடனேயே துண்டிப்பான் விழும். அது இல்லாதபோது, ஒருவர் தொட்டியைத் தொட்டு அவர் உடல் வழியாக மின் பாயும்போதே அது விழக்கூடும். ஆகவே உரிய செருகியையோ அதற்கான இணைப்பியையோ பொருத்திய பின்னரே தொட்டியைப் பயன்படுத்த வேண்டும். சுருட்டி வைத்த நீட்சி வடத்தின் மூலம் மின் வழங்குதலும் தவிர்க்கப்பட வேண்டும். அது சூடாகித் தீப்பற்றக்கூடும்.

யார் செய்யலாம்?

தொட்டிக்கு நிலையான மின்னிணைப்பையோ தனிச் சுற்றையோ அமைத்தல், அங்கீகாரம் பெற்ற மின் நிறுவனம் மட்டுமே செய்யத்தக்க பணியாகும். உறவினருக்கோ நண்பருக்கோ மின்வேலை தெரிந்திருப்பது மட்டும் போதாது. வாடகை வீட்டில் வசிப்போர், தொட்டி வாங்குமுன் வீட்டு நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும்.

மார்ச், ஒக்ரோபர் மாதங்களில் கடிகாரம் மாற்றப்படும் நாளில் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கும் வழக்கத்தைக் கொள்ளலாம். அழுத்தியும் விழாத துண்டிப்பான் உயிரைக் காக்காது. அதை உடனே மாற்றுவித்தல் வேண்டும்.

எவரேனும் மின்தாக்குதலுக்கு உள்ளானால், முதலில் மின்பெட்டியில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதன் பின்னரே அவரைத் தொட்டு உதவி, தாமதமின்றி 112 இலக்கத்தை அழைக்க வேண்டும்.