எக்ஸ்பல்ஸில் மலைக்குப் போகிறீர்களா?

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வாங்கியதும் பலர் முதலில் தேடுவது சத்தமான சைலன்சரைத்தான். அதை விடுங்கள், காசும் போகும், அபராதமும் வரும்.

முதல் கவனம் சக்கரத்துக்கு. ஸ்போக் சக்கரம் என்பதால் உள்ளே டியூப் உண்டு. ஜவ்வாது மலையின் உள்சாலைகளில் பஞ்சர் கடையை எங்கே தேடுவது? டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு, முன்சக்கரத்தின் 21 அங்குல டியூப் ஒன்று பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு அதையே 18 அங்குலப் பின்சக்கரத்திலும் போட்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். வந்ததும் சரியான டியூபை மாற்றிவிடுங்கள்.

ஜல்லிச் சாலையில் காற்றை நாலைந்து பிஎஸ்ஐ குறைத்தால் பிடிப்பு கூடும். ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி நிரப்பிவிடுங்கள்.

கைப்பிடிக்கு ஹேண்ட் கார்டு அவசியம். வண்டி சாய்ந்தால் கிளட்ச் லீவர் தப்பிக்கும்.

குழியில் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கை அணைத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இரண்டாம் கியர் போதும். கிளட்சைப் பிடித்து உருட்டவே கூடாது.

கூடுதல் விளக்கு வேண்டுமென்றால் தனி ரிலே, ஃபியூஸ் வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். எதிரே ஆள் வந்தால் தயவுசெய்து அணைத்துவிடுங்கள்.